கொசு மண்டோர் வீட்டு மீன்

என் வீட்டுக்காரர் வெளியே கொசுவை ஒழித்தார், வீட்டுக்குள் கொசுவை வளர்த்தார். இரண்டு வேலையையும் ஒரு குறையும் வைக்காமல் மனசாரச் செய்தார். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவது வேலைக்கு நான் உண்டு.

அவர் கொசு ஆபீஸில் மண்டோர், அதாவது கூலியாட்களை மேய்க்கிறவர். அந்த ஆபீஸுக்கு இங்கிலீஷில் ஏதோ நீளமான பெயர் இருந்தது; எங்கள் சனங்களுக்கு அது கொசு ஆபீஸ்தான். பத்துப் பன்னிரண்டு ஆட்கள் முதுகில் எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் சந்து சந்தாகப் போவார்கள். லோங்காங் என்கிற சாக்கடை, குட்டை, மாட்டுக் கொட்டகைப் பள்ளம் என்று தண்ணீர் எங்கே தேங்கினாலும் மேலே எண்ணெய் தெளிப்பார்கள். எண்ணெய் படிந்தால் கொசுப்புழு மூச்சுவிட முடியாமல் சாகும். அந்த ஆட்களுக்குப் பின்னால் குடையும் விசிலுமாகப் போகிறவர்தான் என்னைக் கட்டியவர். நான் கிள்ளானிலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. ஜப்பான்காரன் வர இன்னும் ஏழெட்டு வருடம் இருந்தது. எனக்குப் பதினெட்டு வயது. என் நாக்குக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், டிபன் கேரியரின் மேல்தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்தார். யாரோ பாயசம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஆசையாக எட்டிப் பார்த்தேன். உள்ளே கலங்கின தண்ணீரும், விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீனும்.

"இது என்னங்க?"

"சண்டைமீன். எண்ணெய் அடிக்கப் போன லோங்காங்கில கெடந்துச்சு. அடிச்சிருந்தா செத்துருக்கும்."

"அடிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

"எப்படி அடிக்கிறது? என்னையே பாத்துச்சு."

நாலு மாதக் குடித்தனத்தில் நானும்தான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு வார்த்தை வந்ததில்லை.

ஊறுகாய் போட என்று அம்மா கொடுத்துவிட்ட கண்ணாடி ஜாடி அன்றைக்கே மீனுக்குப் போனது. அடுத்த வாரம் என் முகம் பார்க்கும் கண்ணாடி போனது. அதை ஜாடிக்கு முன்னால் நிறுத்தினால், மீன் தன்னையே எதிரி என்று நினைத்து, செவுளை விரித்து, துடுப்பெல்லாம் சிலிர்த்து, நீலமும் சிவப்புமாக நின்று சண்டைக்குக் கூப்பிடும். அவர் குந்தி உட்கார்ந்து ரசிப்பார். நான் தலை சீவ வேண்டுமானால் மீன் ஓய்வெடுக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை. தீனிதான் பெரிய கதை. மற்ற மீன்களைப் போல அது கண்டதைத் தின்னாது. சோறு போட்டேன், வாயில் வாங்கித் துப்பியது. தோசையைப் பிய்த்துப் போட்டேன், அதையும் துப்பியது. கோபத்தில் ஒரு தடவை நெத்திலிக் கருவாட்டைக் கிள்ளிப் போட்டேன். பக்கத்திலேயே வரவில்லை. சொந்தக்காரன் என்று தெரிந்துவிட்டதோ என்னவோ. அதற்கு வேண்டியது உயிரோடு நெளிகிற கொசுப்புழு மட்டும்.

கொசுப்புழுவுக்கு எங்கே போவது? எங்கள் சந்தில் ஒரு புழு கிடையாது. தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துப் பார்த்தாலும் கிடையாது. அத்தனையையும் ஒழித்தவர் என் வீட்டுக்காரர்தான். தன் திறமையே தன் மீனைப் பட்டினி போடுகிறது என்று அவருக்கு மூன்றாம் நாள் உறைத்தது. நாலாம் நாள், குளிக்கிற மறைப்புக்குப் பின்னால், விளிம்பு பெயர்ந்த எனாமல் பேசின் ஒன்றில் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி, ஒரு கைப்பிடி வைக்கோலைப் போட்டு, கொசுக்களுக்கு விருந்து வைத்தார்.

தொழில் தெரிந்தவர் இல்லையா, கணக்காகச் செய்தார். தண்ணீர் வைத்த அன்றிலிருந்து பலகைச் சுவரில் ஒரு நாளைக்கு ஒரு கரிக்கோடு. ஐந்தாம் கோட்டில் புழு மீன் வாய்க்கு ஏற்ற பருவம். ஏழாம் கோட்டில் தலை பெருத்துச் சுருண்டுகொள்ளும், பிறகு கொசுவாகிப் பறந்துவிடும். அதற்கு முன்பே மிச்சத்தை வெயிலடிக்கிற மண்ணில் கொட்டிவிட வேண்டும். பேசின் தண்ணீர் நாறும் என்பதால் புழுக்களைத் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் விட்டு, அதிலிருந்துதான் மீனுக்கு எடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு எட்டுப் புழு. பத்து போட்டால் வயிறு உப்பிப் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

இவ்வளவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஏனென்றால் அவர் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார், தீனி போடுகிறவள் நான். கோழி இறகின் காம்பை நனைத்து, ஒவ்வொரு புழுவாக ஒற்றி எடுத்து, தண்ணீருக்கு மேலே காட்ட வேண்டும். மீன் கீழே அசையாமல் நிற்கும். கண் மட்டும் திரும்பும். பிறகு சடக்கென்று வந்து பறித்துக்கொண்டு போகும். முதல் வாரம் எனக்குக் குமட்டியது. இரண்டாம் வாரம், நான் அடுப்படியிலிருந்து வருவதைப் பார்த்தாலே அது ஜாடியின் என் பக்கம் வந்து வாலாட்டியது. என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட அந்த வீட்டில் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று எனக்கே அதன்மேல் பிரியம் வந்துவிட்டது. இதை அவரிடம் சொல்லவில்லை. திட்டிக்கொண்டேதான் போட்டேன்.

பயமும் இருந்தது. யார் வீட்டிலாவது கொசுப்புழு அகப்பட்டால் அபராதம். கொசு மண்டோர் வீட்டிலேயே அகப்பட்டால் வேலை போகும், வேலையோடு இந்த வீடும் போகும். மூட்டை கட்டிக்கொண்டு கிள்ளானில் என் அப்பா முகத்தில் போய் விழிக்க வேண்டும். வீட்டுக்காரரே ஒரு நாள் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒண்ணு பறந்தாலும் போச்சு. இன்ஸ்பெக்டர் ஒரு புழுவைப் பாத்துட்டாருன்னா எந்த மூஞ்சியோட நான் இந்தச் சந்துல நடப்பேன்?"

"அப்ப மீனைக் கொண்டுபோய் விட்டுருங்க."

என்னமோ அவர் பிள்ளையைக் கொண்டுபோய் விடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

வேலை முடிந்து வாசலில் கால் கழுவும்போதே ஒரு கேள்வி வரும். "அது சாப்டுச்சா?" காலையிலிருந்து தனியாகக் கிடக்கிற பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் வைராக்கியமாகக் காத்திருந்தேன். ஒரு நாள் வாய் தவறியாவது கேட்கமாட்டாரா? எட்டு மாதம் ஆனது. வாய் தவறவே இல்லை.

எங்கள் வரிசையில் பத்து வீடு. எல்லாம் பலகைச் சுவர், பக்கத்து வீட்டோடு ஒட்டினது. கொசு ஆபீஸ் இன்ஸ்பெக்டர் சந்துக்குள் நுழைந்தால் முதல் வீட்டுக்காரி பலகையை இரண்டு தட்டுத் தட்டுவாள். அடுத்த வீட்டுக்காரி அதற்கடுத்த பலகையைத் தட்டுவாள். இன்ஸ்பெக்டர் இரண்டாம் வீட்டுக்கு வருவதற்குள் பத்து வீட்டுப் பழைய தண்ணீரும் கொல்லையில் ஓடிவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஐந்தாம் வீடான எங்கள் வீட்டுப் பலகையை மட்டும் யாரும் தட்டமாட்டார்கள். மண்டோர் பெண்டாட்டி போய் ஆபீஸில் சொல்லிவிடுவாள் என்று பயம். நாலாம் வீட்டு அக்கா பின்பக்கமாக ஓடி, எங்களைத் தாண்டி, ஆறாம் வீட்டுப் பலகையைத் தட்டிவிட்டு ஓடி வருவார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அதுவரை, கக்கூஸ் அந்தப் பக்கம் இருப்பதால், அக்காவுக்குத் தீராத வயிற்றுக்கோளாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எட்டாம் மாதத்தில் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் வெள்ளம் வடிந்து தண்ணீர் தேங்கியிருக்கிறதென்று, அவரை ஆட்களோடு இரண்டு நாளைக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். போகும்போது மீனிடம் சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் பேசினைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஐந்தாம் கோடு. முதல் நாளே புழு தீர்ந்துபோய் மீன் பட்டினி. மத்தியானம் பேசினைத் தூக்கினால் அடியில் ஓட்டை, தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவசரத்துக்குக் கையில் கிடைத்தது ரசச் சட்டி. அதில் நல்ல தண்ணீர் ஊற்றி, பேசினில் இருந்த அத்தனை புழுவையும் துணியில் வடித்து அதற்குள் விட்டேன். நூறுக்கு மேலே இருக்கும். பேசினைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டியோடு அடுப்படிக்கு வந்தேன். அப்போது பின்பக்கம் அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது. பாவம், இன்றைக்குமா என்று நினைத்து முடிப்பதற்குள் வாசலில் ஒரு கனைப்பு.

"மண்டோர் வீடுதானே? வீட்ல யாரும்மா?"

தொப்பியும் நோட்டுப்புத்தகமும், நீளக் காம்பு வைத்த அகப்பையுமாக இன்ஸ்பெக்டர் நின்றார். எங்கள் பக்கத்துத் தமிழர்தான். ஒல்லியான மனுஷர், மூக்கு மட்டும் பெரியது. துரை எல்லா வீட்டையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார், மண்டோர் வீட்டை விட்டுவிட்டால் மற்றவர்கள் பேசுவார்கள் என்றார். பேசிக்கொண்டே பின்பக்கம் நடந்தார்.

கையில் சட்டி. கொட்டினால் வாசலிலும் கொல்லையிலும் அவர் கண்ணில் படாமல் கொட்ட இடமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே இடத்தில் வைத்தேன். அடுப்பில். மேலே தட்டைப் போட்டு மூடி, இரண்டு விறகைத் தள்ளி ஊதினேன்.

இன்ஸ்பெக்டர் குளிக்கிற மறைப்பைப் பார்த்தார். கவிழ்ந்த பேசினைக் காலால் புரட்டினார். ஈர வட்டத்தைப் பார்த்தார். சுவரில் கரிக்கோடுகளைப் பார்த்தார்.

"இது என்னம்மா கோடு?"

"வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்காருங்கய்யா. அவரு வீட்ல இல்லாத நாளையெல்லாம் எண்ணுறேன்."

மனுஷர் வெட்கப்பட்டுப்போய் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அடுப்படிக்கு வந்து மூக்கை நீட்டினார்.

"அடுப்புல என்ன?"

"ரசங்க."

சொல்லிவிட்டேன், இனி அது ரசமாகத்தான் ஆக வேண்டும். அவர் பார்க்கப் பார்க்கப் புளியைக் கரைத்து ஊற்றினேன். மிளகு தட்டிப் போட்டேன், பூண்டு நசுக்கிப் போட்டேன், பெருங்காயத்தைக் கூடுதலாகவே போட்டேன். சீரகத்தை மட்டும் இடிக்காமல் முழுசாக ஒரு பிடி அள்ளிப் போட்டேன். முழுச் சீரகம் அவ்வளவு மிதக்கும்போது எது சீரகம், எது சீரகமில்லை என்று யார் கண்டது?

அவர் நோட்டுப்புத்தகத்தை எடுத்து, ஐந்தாம் வீட்டில் புழு இல்லை என்று எழுதி மூடினார். உயிரோடு ஒன்றும் இல்லைதான். எனக்கு மூச்சு வந்தது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் கால் வைத்தார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. நான் யோசிக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து பழகின வாய் தானாகத் திறந்தது.

"மழை வருதுங்களே. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கய்யா."

எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான். எல்லோரும் "இருக்கட்டும்மா, இன்னொரு நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறதுதான். இந்த மனுஷர் தொப்பியைக் கழற்றினார்.

"வேற ஒண்ணும் வேணாம்மா. நேத்து ஒரு விருந்துல சாப்பிட்டது வயிறு சரியில்ல. கொஞ்சம் ரசஞ்சோறு இருந்தாப் போதும்."

என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ரசம் இன்னும் கொதிக்கவில்லை என்றேன். மழைதானே, இருக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே மீன் ஜாடி.

"சண்டைமீனா? இது கொசுப்புழு தின்கிற சாதியாச்சே! இதுக்கு என்ன போடுறீங்க?"

"சோறுங்கய்யா."

"சோறா? எங்க, ஒண்ணு போடுங்க பாப்போம்."

ஒரு பருக்கையைப் போட்டேன். மீன் வந்தது, வாங்கியது, துப்பியது. இன்ஸ்பெக்டர் குனிந்தார். மறுபடி வாங்கியது, துப்பியது. என் கண் முன்னால் கிள்ளான் ரயில் வந்து நின்றது. மூன்றாம் தடவை வாங்கியது, என்னைப் பார்த்தது, விழுங்கியது. எட்டு மாதம் என் கையால் தின்றதற்கு அன்றைக்கு நன்றி காட்டியது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். ஒரு நாள் பட்டினி என்பது வேறு விஷயம்.

"நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்களே," என்றார் இன்ஸ்பெக்டர்.

அடுப்பில் சட்டி தளபுளவென்று கொதிக்கத் தொடங்கியது. நான் பின்வாசலுக்கு ஓடி, நாலாம் வீட்டு அக்காவைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, உங்க வீட்ல ரசம் இருக்கா?"

"கருவாட்டுக் கொழம்புதான் இருக்கு. ஏன்டி?"

வேறு வழியில்லாமல் காதில் உண்மையைச் சொன்னேன். கொசு மண்டோர் வீட்டில் கொசுப்புழு, அதுவும் ரசத்தில், அதுவும் இன்ஸ்பெக்டருக்கு. அக்கா முதலில் நம்பவில்லை. நம்பின பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்து எழுந்தபோது, நான் வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறவர், என் கன்னத்தைத் தட்டினார்.

"நல்லாக் கொதிச்சிருச்சுல்ல? அப்ப ஒண்ணும் பண்ணாது. வடிகட்டி ஊத்து லா. நானும் வரேன், தனியா நிக்காத."

வெள்ளைத் துணியில் வடித்தேன். துணியில் நின்றதை உற்றுப் பார்க்கவில்லை, சீரகம் என்றே வைத்துக்கொண்டேன். எனக்கென்று எடுத்து வைத்திருந்த சோற்றை இலையில் போட்டு, ரசத்தை ஊற்றினேன். அக்கா கதவோரம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் பிசைந்து சாப்பிட்டார். கையைக் குழித்து ரசம் வாங்கி உறிஞ்சினார். இன்னொரு தடவை குழித்தார். துணி பழசு. நாக்கில் ஏதோ ஒட்டியிருக்க வேண்டும், விரலில் எடுத்துப் பார்த்தார். மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

"சீரகம் கொஞ்சம் தூக்கல். ஆனா அதுதான்மா வயித்துக்கு நல்லது. எங்க வீட்லயும் சொல்லணும்."

அக்கா மழையில் இறங்கி ஓடினார். அவருக்கு வயிற்றுக்கோளாறு என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் பலகையிலும் இரண்டு தட்டு விழுந்தது.

இன்ஸ்பெக்டர் போன பிறகு சட்டியைக் கொல்லையில் கொட்டி, சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். பிறகுதான் அழுகை வந்தது. மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. சோறு போய்விட்டது, பொங்குவதற்கும் மனசில்லை. அக்கா கொடுத்த கருவாட்டுக் குழம்பைத் தொடவில்லை. மீன் ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்து அதனிடம் எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். முழங்கால் வரைக்கும் கிள்ளான் சேறு. வாசலில் செம்பை எடுத்துக் காலில் ஊற்றிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார்.

"அது சாப்டுச்சா?"

"சாப்டுச்சு. சோறு சாப்டுச்சு. உங்க இன்ஸ்பெக்டரும் சாப்டாரு." பிறகு ஒன்றுவிடாமல் சொன்னேன். பேசின், சட்டி, கரிக்கோடு, பருக்கை, ரசம், துணி.

செம்புத் தண்ணீர் காலில் விழாமல் தரையில் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார், அதே பெஞ்சில். ஜாடியைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் என்ன எழுதினார் என்று கேட்பார், துரைக்குத் தெரியுமா என்று கேட்பார் என்று நின்றேன்.

"உன் சோத்த அவருக்குப் போட்டுட்டியே. நீ சாப்டியா?"

எட்டு மாதம் காத்திருந்த கேள்வி. உருகிப்போய் நின்றிருக்க வேண்டும். உருகத்தான் செய்தேன், கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. ஆனால் என் நாக்கு என் நாக்குதானே.

"இல்ல. அந்த ரசம் மிச்சம் இருக்கு. அதான் இருக்கு வீட்ல. போடட்டுமா?"

அவர் அடுப்பைப் பார்த்தார். அதே சட்டி, மூடி வைத்திருந்தது. "நீ குடிக்காத," என்றார். "எனக்கு ஊத்து. என்னாலதானே வந்துச்சு."

பெரிய லோட்டாவில் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. லோட்டாவைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப சோறு பொங்கு. ரெண்டு பேரும் சாப்பிடுவோம்," என்றார். நான் அரிசி களையும்போது பின்பக்கம் போய் அந்த பேசினை மிதித்து நசுக்குகிற சத்தம் கேட்டது.

மீன் அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது, சோற்றைத் துப்பித் துப்பித் தின்றுகொண்டு. அவர் அதற்குப் பிறகு முப்பது வருடம் இருந்தார். கால் கழுவும்போது முதலில் என்னைக் கேட்பார், பிறகு குரலைத் தாழ்த்தி மீனைக் கேட்பார். நல்ல மனுஷர். ஆனாலும் அன்றைக்கு அவர் குடித்தது, அவர் வருவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் புது மிளகும் இடித்த சீரகமும் போட்டு நான் வைத்த புது ரசம் என்று கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.